ஜோஷ் கிப்சன்: எழுதப்படாத விதியும் மறுக்கப்பட்ட பதிவேடும்

2024 மே மாத இறுதியில் அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பால் அமைப்பு தனது அதிகாரப்பூர்வப் பதிவேட்டைத் திருத்தியது. வாழ்நாள் பேட்டிங் சராசரியில் நெடுங்காலம் முதலிடத்தில் இருந்த டை காப் (0.367) இரண்டாம் இடத்திற்கு இறங்கினார். 0.372 என்ற சராசரியுடன் அந்த இடத்தைப் பெற்றவர் ஜோஷ் கிப்சன். அப்போது அவர் இறந்து 77 ஆண்டுகள் ஆகியிருந்தன. உயிரோடு இருந்தவரை, வெள்ளையர் மட்டுமே ஆடிய அந்த லீக்குகளில் ஓர் ஆட்டம்கூட ஆட அவர் அனுமதிக்கப்படவில்லை. இந்த முரணைப் புரிந்துகொள்ள அவரது வாழ்வையும், அவரை வெளியே நிறுத்திய விதியையும் சேர்த்தே நாம் வாசிக்க வேண்டும்.

வாழ்வு

ஜோஷ் கிப்சன் 1911 டிசம்பர் 21 அன்று ஜார்ஜியா மாநிலத்தின் பியூனா விஸ்டாவில் பிறந்தார். தெற்கின் ஒடுக்குமுறையிலிருந்தும் வறுமையிலிருந்தும் தப்பி வடக்கு நோக்கி நகர்ந்த இலட்சக்கணக்கான கறுப்பினக் குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. தந்தை பிட்ஸ்பர்க் எஃகு ஆலையில் வேலை செய்தார். மகனும் பள்ளிப் படிப்பை முடிக்காமலேயே உழைக்கத் தொடங்கினார்.

1930இல், 18 வயதில், ஹோம்ஸ்டெட் கிரேஸ் அணியில் சேர்ந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில், இரட்டைக் குழந்தைகளைப் பெற்றெடுத்த அவரது மனைவி பிரசவத்தில் உயிரிழந்தார். பின்னர் பிட்ஸ்பர்க் கிராஃபோர்ட்ஸ் அணியில் சாட்செல் பெய்ஜ், கூல் பாப்பா பெல், ஆஸ்கர் சார்ல்ஸ்டன் ஆகியோருடன் ஆடினார். 1937இல் மீண்டும் கிரேஸ் அணிக்குத் திரும்பினார். 1943, 1944 ஆகிய இரண்டு ஆண்டுகளும் அவ்வணி நீக்ரோ உலகத் தொடரை வென்றது.

கிப்சன் ஒரு கேட்சர். பேட் பிடிப்பவரின் பின்னால் முகக்கவசமும் மார்புக்கவசமும் அணிந்து, ஆட்டம் முழுவதும் குத்துக்காலிட்டு அமர்ந்திருப்பவர். எந்தப் பந்தை வீச வேண்டும் என்று பிட்சருக்குச் சைகை காட்டுபவர். முழங்கால்கள் தேயும், விரல்கள் ஒடியும். இந்த உழைப்பினாலேயே பெரும்பாலான கேட்சர்கள் பேட்டிங்கில் பின்தங்குவது வழக்கம். அந்த இடத்தில் இருந்துகொண்டே கிப்சன் தம் காலத்தின் மிக வலிமையான பேட்டராக விளங்கினார். பத்திரிகைகள் அவரைக் 'கறுப்பு பேப் ரூத்' என்றன. பேப் ரூத்தைத்தான் 'வெள்ளை ஜோஷ் கிப்சன்' என்று அழைக்க வேண்டும் எனப் பதில் சொன்னவர்களும் இருந்தனர்.

டொமினிகன் குடியரசிலும் போர்ட்டோ ரிக்கோவிலும் மெக்சிகோவிலும் அவர் ஆடினார். மெக்சிகோவில் ஊதியம் கூடுதல். உணவகத்திலும் விடுதியிலும் தங்களை மனிதர்களாக நடத்தினார்கள் என்பது அங்கு ஆடிய கறுப்பின ஆட்டக்காரர்கள் பலரின் சாட்சியம். 1941இல் கிப்சன் மெக்சிகோ சென்றபோது கிரேஸ் அணியின் உரிமையாளர் அவர்மீது வழக்குத் தொடுத்தார். 1942இல் அவர் அணிக்குத் திரும்பிய பின்னரே அது கைவிடப்பட்டது. முன்னே மூடிய கதவு, பின்னே ஒப்பந்தம் என்பதே அவருடைய நிலை.

1943 தொடக்கத்தில் அவர் நினைவிழந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். மூளையில் கட்டி இருப்பதாகக் கண்டறியப்பட்டது. அறுவைச் சிகிச்சைக்கு அவர் இணங்கவில்லை. அந்த ஆண்டில்தான் அவர் 0.466 என்ற சராசரியை எட்டினார். தலைவலியும் மதுவும் கடைசி ஆண்டுகளை அரித்தன. 1947 ஜனவரி 20 அன்று, 35 வயதில், பிட்ஸ்பர்க்கில் மரணமடைந்தார். மூன்று மாதங்கள்கூட ஆகாத நிலையில், ஏப்ரல் 15 அன்று, ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காகக் களம் இறங்கினார். கிப்சனின் கல்லறையோ 1975 வரை பெயர்க்கல்கூட இல்லாமல் கிடந்தது.

விதி எங்கே எழுதப்பட்டிருந்தது?

சட்டம் பயில்வோர் கவனிக்க வேண்டிய இடம் இது. 1884இல் டொலிடோ அணிக்காக ஆடிய மோசஸ் ஃபிளீட்வுட் வாக்கர் என்ற கறுப்பினத்தவர் மேஜர் லீக் ஆட்டக்காரராக இருந்தார். அவரும் ஒரு கேட்சரே. 1887 ஜூலையில் இன்டர்நேஷனல் லீக்கின் அணி உரிமையாளர்கள், கறுப்பினத்தவருடன் இனிப் புதிய ஒப்பந்தம் செய்வதில்லை என்று வாக்கெடுத்து முடிவு செய்தனர். விரைவிலேயே உயர்மட்டப் பேஸ்பால் முழுவதும் வெள்ளையருக்கு மட்டுமானது. அதற்கென மேஜர் லீக்குகளின் விதிநூலில் ஒரு வரியும் இல்லை. 'கனவான்களின் உடன்பாடு' என்று அதற்குப் பெயர்.

1883இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அரசமைப்பின் 14ஆவது திருத்தம் அரசின் செயல்களை மட்டுமே கட்டுப்படுத்தும், தனியாரின் பாகுபாட்டை அன்று என்று தீர்ப்பளித்திருந்தது. எனவே, தனியார் சங்கங்களாக இயங்கிய லீக்குகளை எதிர்த்து நிற்க நீதிமன்றப் படிக்கட்டே இல்லாமல் போனது. தனியாரையும் கட்டுப்படுத்தும் 17ஆவது உறுப்பைக் கொண்ட அரசமைப்பின் கீழ் வாழும் நாம், அந்த உறுப்பின் பொருளை இங்கிருந்தும் உணரலாம்.

1920 முதல் 1944 வரை பேஸ்பால் ஆணையராக இருந்தவர் முன்னாள் கூட்டாட்சி நீதிபதி கெனசா மவுண்டன் லாண்டிஸ். கறுப்பினத்தவரைத் தடுக்கும் விதி எதுவும் கிடையாது என்று 1942இல் அவர் அறிவித்தார். அவருடைய பதவிக்காலம் முழுவதிலும் ஒரு கறுப்பின ஆட்டக்காரரும் உள்ளே வரவில்லை. விதி எழுதப்படாதபோது அதை மறுப்பது எளிது. மறுக்கப்படும் விதியை முறியடிப்பது கடினம். அதே காலத்தில் வெள்ளை அணிகளின் மைதானங்களைக் கறுப்பின அணிகள் வாடகைக்கு எடுத்து ஆடின. வாஷிங்டன் கிரிஃபித் மைதானத்தில் கிப்சன் அடித்த ஆட்டங்களின் வாடகை மைதான உரிமையாளருக்கு வருவாய் ஆனது. ஆட்டக்காரரை ஏற்காதவர்கள் அவர் ஈட்டித்தந்த பணத்தை ஏற்றார்கள்.

பதிவேட்டின் அரசியல்

1969இல் எந்தெந்த லீக்குகள் 'மேஜர்' என்று வரையறுக்க ஒரு சிறப்புக் குழு அமர்ந்தது. வெள்ளையரின் ஆறு லீக்குகள் அங்கீகரிக்கப்பட்டன. நீக்ரோ லீக்குகள் பரிசீலனைக்கே எடுக்கப்படவில்லை. 1971இல் கறுப்பின ஆட்டக்காரர்களுக்கு ஹால் ஆஃப் ஃபேமில் தனிப் பகுதி ஒதுக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டு, எதிர்ப்பால் கைவிடப்பட்டது. 1972இல் கிப்சன் அங்கு முழு உறுப்பினராகச் சேர்க்கப்பட்டார். 2020 டிசம்பரில்தான், 1920 முதல் 1948 வரையிலான ஏழு நீக்ரோ லீக்குகள் மேஜர் லீக்குகளாக அறிவிக்கப்பட்டன. அதே ஆண்டில் சிறந்த ஆட்டக்காரர் விருதிலிருந்து லாண்டிஸின் பெயரும் நீக்கப்பட்டது. 2024 திருத்தத்தில் 2,300க்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்களின் கணக்குகள் இணைந்தன. ஒரு பருவத்தின் மிக உயர்ந்த சராசரி, வாழ்நாள் ஸ்லக்கிங் விகிதம் (0.718, ரூத்தினுடையது 0.690) ஆகிய சாதனைகளும் கிப்சனுக்கு உரியவையாயின.

குறுகிய பருவங்களின் கணக்கை எப்படி ஒப்பிடுவது என்று சிலர் கேட்டனர். கொரோனாவால் 60 ஆட்டங்களாகச் சுருங்கிய 2020 பருவம் எந்தத் தயக்கமுமின்றிப் பதிவேட்டில் ஏறியது என்பதே அதற்கான பதில். மேலும், பருவம் ஏன் குறுகியது என்பதையும் கேட்க வேண்டும். லீக் ஆட்டங்களின் வருவாய் மட்டும் போதாததால், கறுப்பின அணிகள் ஊர் ஊராகச் சென்று காட்சி ஆட்டங்கள் ஆடியே பிழைத்தன. அந்த ஆட்டங்கள் அதிகாரப்பூர்வக் கணக்கில் இல்லை. ஹால் ஆஃப் ஃபேம் பட்டயம் கிப்சனின் ஹோம் ரன்கள் ஏறத்தாழ 800 என்கிறது. லீக் கணக்கிலோ அவை 200க்கும் குறைவு. ஒதுக்குதல் முதலில் வாய்ப்பைப் பறிக்கிறது. பின்னர் சான்று போதவில்லை என்று சொல்கிறது.

பதிவேட்டைத் திருத்தியதால் கிப்சனுக்கு இழந்த ஊதியமோ, ஓய்வோ, வயதோ திரும்பவில்லை. இருப்பினும் அத்திருத்தம் எதனால் இயன்றது என்பதை நாம் மறக்கக் கூடாது. பிட்ஸ்பர்க் கூரியர், சிகாகோ டிஃபெண்டர் போன்ற கறுப்பினப் பத்திரிகைகள், பெரிய நாளிதழ்கள் பொருட்படுத்தாத ஆட்டங்களின் ஸ்கோர் அட்டவணைகளை வாரந்தோறும் அச்சிட்டன. ஆய்வாளர்கள் பல்லாண்டுகள் அந்தப் பழைய தாள்களைப் புரட்டி, ஆட்டம் ஆட்டமாகக் கணக்கைத் திரட்டினர். ஏறத்தாழ முக்கால் பங்கு மீட்கப்பட்டது. எஞ்சியதைத் தேடும் பணி தொடர்கிறது. 2024இல் டை காப்பின் இடத்தை அசைத்தது கருணையன்று. எவரும் கேட்காத காலத்தில் தம் மக்களின் ஆட்டத்தை எழுதி வைத்தவர்களின் சான்று.