ஒரு பனித்தண்டின் பூர்வீகம்

எட்டு லட்சம் ஆண்டுகளுக்கு முன் காற்றில் கரியமில வாயு எவ்வளவு இருந்தது என்பதற்கு இன்று கைவசம் ஒரு வரைபடம் இருக்கிறது. பருவநிலை பற்றிய கட்டுரைகளில் ஏறி இறங்கி, ஏறி இறங்கிச் செல்லும் அந்தக் கோட்டை எல்லோரும் பார்த்திருப்போம். அண்டார்டிகாவில் துளைத்தெடுத்த நீண்ட பனித்தண்டுகளிலிருந்து அது கிடைத்தது என்பதும் தெரிந்த செய்திதான். ஆனால் பனியை முதலில் துளைத்தவர்களில் பெரும்பாலோர் பழைய காலத்தின் பருவநிலையைத் தேடிப் போனவர்கள் அல்லர். ஒருவருக்கு ஏரித் தண்ணீர்ச் சண்டையைத் தீர்க்க வேண்டியிருந்தது. ஒரு ராணுவத்துக்கு ஏவுகணைகளை ஒளித்துவைக்க இடம் வேண்டியிருந்தது. ஒருவர் துளைத்ததை இன்னொருவர் படித்த கதை இது.

சுவிட்சர்லாந்தின் உன்டரார் பனியாற்றில் 1841, 1842 ஆண்டுகளின் கோடையில் லூயி அகாசி இரும்புக் கம்பிகளோடு முகாமிட்டிருந்தார். பூமி ஒருகாலத்தில் பெரும் பனியுகத்தைக் கண்டது என்று ஐரோப்பாவையே நம்பவைத்துக்கொண்டிருந்த மனிதர் அவர். காலடியில் கிடக்கும் பனி எவ்வளவு தடிமன் என்று அறியும் ஆவலில் 60 மீட்டர் வரை குத்திப் பார்த்தார், அடிப்பாறை தட்டுப்படவில்லை. வீட்டு வாசலில் போர்வெல் போடும்போது பாறை பொடியாகி வெளியே வருவதைப் போலத்தான் அவருக்கும் நடந்தது. துளை விழுந்தது, தண்டு முழுதாக வரவில்லை.

பனியை உருக்குலையாமல் உருவியெடுக்கும் குழாயைச் செய்தவர், அமெரிக்காவின் நெவாடாவில் லத்தீன் இலக்கியம் கற்பித்த பேராசிரியர் ஜேம்ஸ் சர்ச். டாஹோ ஏரியின் கரையில் வசித்தவர்களுக்கும் அதன் தண்ணீரைக் கீழே பயன்படுத்தியவர்களுக்கும் ஓயாத தகராறு. மலையில் கிடக்கும் பனி வசந்தத்தில் உருகினால் ஏரி எவ்வளவு உயரும் என்று முன்கூட்டியே சொல்ல முடிந்தால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். 1908-09 குளிர்காலத்தில் சர்ச், நுனியில் வெட்டுப்பல் வைத்த எஃகுக் குழாய்களைச் செய்து, கையால் திருகிப் பனிக்குள் இறக்கி, 3 மீட்டர் வரை தண்டு எடுத்து எடைபோட்டார். அவருடைய குழாயைப் பார்த்துப் பல ஊர்களில் அதேபோல் செய்துகொண்டார்கள். சிறு மாற்றங்களோடு அந்த வடிவம் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

அடுத்த அடி கிரீன்லாந்தின் நட்டநடுவில் விழுந்தது. கண்டங்கள் நகர்கின்றன என்று சொல்லி அறிவியல் உலகின் எதிர்ப்பைச் சம்பாதித்துக்கொண்ட ஆல்ஃபிரட் வெகனர், 1930-இல் ஒரு குழுவை அங்கே அழைத்துச் சென்றார். ஐஸ்மிட்டே என்ற அந்த இடத்தில் மூவர் பனிக்குள்ளேயே குகை தோண்டிக் குளிர்காலத்தைக் கழித்தார்கள். அங்கே பொருட்களைக் கொண்டுசேர்ப்பதற்காக மேற்கொண்ட பயணத்திலிருந்து திரும்பும் வழியில் வெகனர் உயிரிழந்தார். மூவரில் ஒருவரான எர்ன்ஸ்ட் ஸோர்கே அந்த இருட்டிலும் 15 மீட்டர் ஆழக் குழி ஒன்றைத் தோண்டி, சுவரில் தெரிந்த அடுக்குகளை ஒவ்வொன்றாக அளந்தார். ஆண்டுதோறும் விழும் பனி அடுக்கடுக்காகப் படிவதும், மேல் பாரத்தால் இறுகிக்கொண்டே போவதும் அந்த அளவுகளில் தெளிவானது. ஆக, பனிக்குள் ஒரு நாட்காட்டி இருந்தது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கத்தான் வழி தெரியவில்லை.

அந்த வழி ஒரு பீர் பாட்டிலில் பிறந்தது. 1952 ஜூன் மாதம் கோபன்ஹேகனில் நல்ல மழை. வில்லி டான்ஸ்கார்ட் என்ற இளம் இயற்பியலாளர் தோட்டத்துப் புல்வெளியில் ஒரு காலி பாட்டிலை வைத்து, வாயில் புனலைச் செருகி, மழை போகப் போக நீரைத் தனித்தனியாகச் சேகரித்தார். ஆய்வகத்தின் நிறமாலைமானியில் அளந்தபோது, நேரத்துக்கு நேரம் அந்த நீரின் கனம் மாறியிருந்தது. எல்லா ஆக்சிஜன் அணுக்களும் ஒரே எடை அல்ல. கனமான ஆக்சிஜன்-18 கொண்ட நீர் முதலில் சொட்டிவிடும். மேகம் குளிரக் குளிர, மிஞ்சிய ஈரத்தில் அது குறைந்துகொண்டே போகும். அப்படியானால், பழைய பனியில் ஆக்சிஜன்-18 எவ்வளவு என்று பார்த்தால், அது விழுந்த காலத்துக் குளிரைக் கணக்கிடலாம். 1954-இல் அவர் இதை எழுதிவைத்தார். தேவைப்பட்டது பழைய பனி மட்டுமே.

அதைத் துளைக்கும் பணமும் ஆட்களும் ஒரு ராணுவத்திடம் இருந்தன. 1959-இல் அமெரிக்க ராணுவம் வடமேற்கு கிரீன்லாந்தில் பனிக்கடியில் சுரங்கங்கள் வெட்டி, கேம்ப் செஞ்சுரி என்ற முகாமை அமைத்தது. மின்சாரத்துக்கு ஓர் அணு உலை. வெளியில் சொன்ன நோக்கம் ஆராய்ச்சி. உள்ளே வைத்திருந்த திட்டம், சோவியத் யூனியனை நோக்கி 600 ஏவுகணைகளைப் பனிக்கடியில் மறைத்துவைப்பது. மண்ணுக்குச் சொந்தக்காரரான டென்மார்க் மக்களுக்கு அது 1990-களில்தான் தெரியவந்தது. பனி நிலையாக நிற்காமல் மெல்ல நகர்ந்து சுரங்கங்களை நெரித்ததால் திட்டம் கைவிடப்பட்டது. ஆனால் முகாமின் ஒரு மூலையில் துளைப்பவர்கள் விடாமல் வேலை செய்தார்கள்.

முதலில் சூட்டால் பனியை உருக்கி இறங்கும் கருவியை வைத்துப் பார்த்தார்கள். அது பாதி ஆழத்தைக்கூட எட்டவில்லை. பிறகு கைகொடுத்தது எண்ணெய்த் தொழில். ஜார்ஜியாவின் திபிலிசியில் பிறந்து ஓக்லஹோமாவில் குடியேறிய ஆர்மைஸ் அருதுனாஃப், கிணற்றுக்குள்ளேயே மூழ்கி எண்ணெயை மேலேற்றும் மின்பம்பைக் கண்டுபிடித்தவர். எண்ணெய்க் கிணறு தோண்ட அவர் வடிவமைத்த மின்துளைக்கருவி ஒன்றை ராணுவ ஆய்வகம் வாங்கிப் பனிக்கு ஏற்ப மாற்றியது. 1966 ஜூலையில் அது 1,387 மீட்டர் இறங்கி அடிநிலத்தைத் தொட்டது. பூமியின் ஒரு பெரும் பனிப்பாளத்தை மேலிருந்து கீழ்வரை மனிதர் துளைத்தது அதுவே முதல்முறை. அதே கருவி கப்பலேறி அண்டார்டிகா போய், 1968-இல் பேர்ட் நிலையத்தில் 2,164 மீட்டர் துளைத்தது. மறு ஆண்டே அதே துளையில் சிக்கி அங்கேயே உறைந்துபோனது. எண்ணெயை எரித்ததால் காற்று எப்படி மாறியது என்ற கணக்குக்கு எண்ணெய்க் கிணற்றுக் கருவியே வழி திறந்துவிட்டது.

கேம்ப் செஞ்சுரித் தண்டு செஸ்டர் லாங்வே என்ற அமெரிக்க ஆய்வாளரின் பொறுப்பில் இருந்தது. டான்ஸ்கார்ட் அதிலிருந்து மாதிரிகளைப் பெற்று அளந்தார். 1969-இல் இருவரும் சகாக்களோடு வெளியிட்ட கட்டுரை, சுமார் ஒரு லட்சம் ஆண்டுகளின் தட்பவெப்பத்தை ஒரே கோட்டில் காட்டியது.

பனியில் நீரோடு காற்றும் இருக்கிறது. 1965-இல் அண்டார்டிகாவின் அடேலி கடற்கரையில், பிரெஞ்சுக்காரரான க்ளோத் லோரியுஸ் நண்பர்களோடு அமர்ந்து, துளைத்தெடுத்த பழம்பனித் துண்டு ஒன்றை விஸ்கியில் போட்டார். பனி உருக உருகக் குமிழிகள் வெடித்து வெளியேறின. அடைபட்ட அந்தக் காற்று, பனி இறுகிய காலத்துக் காற்றேதான் என்று அவருக்குப் பட்டது. அதை அளக்கும் நுட்பம் பெர்ன், கிரெனோபிள் நகர ஆய்வகங்களில் கைகூட ஏறக்குறைய 15 ஆண்டுகள் பிடித்தன.

மிகப் பழைய காற்று அப்போது சோவியத் கையில் இருந்தது. மைனஸ் 89.2 டிகிரி பதிவான வோஸ்டாக் நிலையத்தில் அவர்கள் ஆண்டுக்கணக்காகத் துளைத்துக்கொண்டிருந்தார்கள். 1982-இல் மின்நிலையம் தீப்பற்றி ஒருவர் இறந்த பிறகும் நிறுத்தவில்லை. பனிப்போர் உச்சத்தில் இருந்த 1984-இல் லோரியுஸின் குழு அமெரிக்க விமானத்தில் அங்கே போய் இறங்கியது. சோவியத்துகள் துளைத்தார்கள், அமெரிக்கர்கள் சுமந்தார்கள், பிரெஞ்சுக்காரர்கள் படித்தார்கள். 1987-இல் வெளியான முடிவு, 1,60,000 ஆண்டுகளாக வெப்பமும் கரியமில வாயுவும் சேர்ந்தே ஏறி, சேர்ந்தே இறங்கியதைக் காட்டியது. பிறகு ஐரோப்பியர்கள் டோம் சி என்ற இடத்தில் கணக்கை எட்டு லட்சம் ஆண்டுகளுக்கு நீட்டினார்கள். அவ்வளவு காலத்திலும் கரியமில வாயு காற்றின் பத்து லட்சம் பங்கில் 300-ஐத் தாண்டி நிலைத்ததில்லை. இன்று அது 420-ஐயும் தாண்டிவிட்டது.

இதற்குள் வரலாற்றாசிரியர்களும் பனியிடம் வந்துவிட்டார்கள். ரோமானியர் ஸ்பெயினில் வெள்ளி உருக்கியபோது எழுந்த ஈயப் புகை கிரீன்லாந்துப் பனியில் படிந்திருக்கிறது; ரோமப் பேரரசைக் கொள்ளைநோய் தாக்கிய இரண்டாம் நூற்றாண்டில் அந்த ஈயம் சட்டென்று குறைகிறது. 1258-ஐ ஒட்டிய அடுக்கில் இரு துருவங்களிலும் கந்தகப் படிவு மிகுந்திருந்தும், எந்த எரிமலை என்று நெடுங்காலம் புலப்படவில்லை. 2013-இல் அது இந்தோனேசியாவின் லொம்போக் தீவிலுள்ள சமலாஸ் என்று அறிவித்தார்கள். அதை உறுதிப்படுத்திய சான்றுகளில் ஒன்று, வெடிப்பை விவரிக்கும் பழைய ஜாவானிய ஓலைச்சுவடி.

துருவங்களை விட்டு வெப்பமண்டல மலைகளுக்குத் துளைக்கருவியைக் கொண்டுபோனவர் அமெரிக்கர் லானி தாம்சன். பெருவின் கெல்காயா பனிமுகடு 5,600 மீட்டருக்கு மேல். அங்கே கனமான இயந்திரங்களை ஏற்ற முடியவில்லை. 1983-இல் அவர் சூரிய மின்சாரத்தில் ஓடும் துளைக்கருவியோடு ஏறினார். 1997-இல் இமயத்தின் தசுவோபு பனியாற்றில் 7,200 மீட்டர் உயரத்தில் துளைத்தார். அந்தத் தண்டில் 1790 முதல் 1796 வரையிலான அடுக்குகள் தூசியால் நிறைந்திருந்தன. பருவமழை பொய்த்து வறண்ட மண் காற்றோடு ஏறிப்போய்ப் பனியில் படிந்த காலம் அது. ஐதராபாத்திலும் மராத்திய நாட்டிலும் புதைக்க ஆளின்றி எலும்புகள் கிடந்ததால் மண்டையோட்டுப் பஞ்சம் என்று பெயர்பெற்ற கொடுமை நடந்த அதே காலம். ஓராயிரம் ஆண்டுப் பதிவில் அதைவிடக் கடுமையான வறட்சியை அந்தத் தண்டு காட்டவில்லை.

இப்படிப்பட்ட சாட்சி எவ்வளவு எளிதில் அழியும் என்பதற்கும் சாட்சி உண்டு. 2017-இல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் குளிரறை பழுதாகி, ஆர்க்டிக் தண்டுகளில் ஒரு பகுதி உருகி ஓடியது. அதே ஆண்டில் கோபன்ஹேகன் குளிரறையில், கேம்ப் செஞ்சுரித் துளையின் அடியிலிருந்து வந்த மண் கண்ணாடிச் சாடிகளில் மறந்துகிடந்தது கண்டெடுக்கப்பட்டது. நெடுங்காலம் கிடப்பில் இருந்த அந்த மண்ணில் இலைகளும் சுள்ளிகளும் இருந்தன. சுமார் நான்கு லட்சம் ஆண்டுகளுக்கு முன் அந்த இடத்தில் பனியே இல்லாமல் செடிகள் வளர்ந்திருக்கின்றன. கிரீன்லாந்தின் பனி எவ்வளவு எளிதில் கரையக்கூடியது என்பதற்கு இதைவிட நேரான ஆதாரம் கிடைப்பது அரிது.

ஆகவேதான் சில விஞ்ஞானிகள் இப்போது படிப்பதற்காக அல்லாமல் பாதுகாப்பதற்காகவே துளைக்கிறார்கள். 2016-இல் மோன் பிளாங்க் மலையிலும், 2017-இல் பொலிவியாவின் இல்லிமானியிலும் தண்டுகள் எடுத்தார்கள். அண்டார்டிகாவின் கான்கார்டியா நிலையத்தருகே, இயற்கையே மைனஸ் 50 டிகிரியில் காக்கும் பனிக்குள் அவற்றைச் சேமிப்பது திட்டம். தொட்டதும் படிக்காத ஆராய்ச்சி எதற்கு என்று கேட்பவர்களுக்கு இந்தத் தண்டின் பூர்வீகமே பதில். டான்ஸ்கார்ட் கேம்ப் செஞ்சுரியைத் துளைக்கவில்லை, லோரியுஸ் வோஸ்டாக்கைத் துளைக்கவில்லை, சாடி மண்ணில் இலையைக் கண்டவர்களில் பலர் அதைத் தோண்டியபோது பிறந்திருக்கவே இல்லை. பனியிடம் என்ன கேட்க வேண்டும் என்று அடுத்து யாருக்குத் தோன்றும் என நமக்குத் தெரியாது. அவர்கள் வரும்போது பனி இருக்க வேண்டும். அதை எடுத்துவைக்கக்கூடிய கடைசித் தலைமுறைகளில் ஒன்று நாம்.