குளிர்காலத்தில் பூட்டிவைத்த கார்கள்

போன வருடம் கார்த்திகைக் கடைசியில் ஊருக்குப் போய், பங்குனி நடுவில் ஸ்காபரோவுக்குத் திரும்பி வந்தோம். அடுத்த நாள் காலை கராஜைத் திறந்து, காரில் ஏறி, திறப்பைத் திருப்பினேன். மகன் முதல் நாளே பற்றறிக்குச் சார்ஜ் ஏற்றி வைத்திருந்தபடியால் எஞ்சின் உடனே பிடித்தது. கியரைப் போட்டேன். கார் அசையவில்லை. பின்சில்லுகள் இரண்டும் நிலத்தோடு ஒட்டிவிட்டது போல நின்றன.

"ஹாண்ட்பிரேக்கை இழுத்து வைச்சிட்டோ ஐயா போனனீங்கள்?" என்று மெக்கானிக் தம்பி கேட்டார். ஆம், இழுத்து வைத்துவிட்டுத்தான் போனேன். யாழ்ப்பாணத்தில் ஏ40 கார் ஓடிப் பழகிய கை அது. நிறுத்தினால் ஹாண்ட்பிரேக் என்பது எனக்கு மூச்சு விடுவது மாதிரி. போதாக்குறைக்கு, போகிற அன்று வீதியில் உப்புக் கரைந்த சேற்றில் ஓடிய காரைக் கழுவாமல் அப்படியே கொண்டுவந்து பூட்டியிருந்தேன். மூன்றரை மாதத்தில் பிரேக் கட்டைகள் துருப்பிடித்து வட்டத்தகடுகளோடு இறுகிவிட்டன.

பக்கத்து வீட்டுக்காரர் கியூபெக் கிராமமொன்றில் பிறந்தவர், எண்பது வயதைத் தாண்டியவர். கார் இழுவை லொறியில் ஏறுவதைப் பார்த்துச் சிரித்தார். தன் தகப்பனார் ஒவ்வொரு வருடமும் முதல் பனி விழுமுன் காரை மரக்கட்டைகளின்மேல் ஏற்றிவைத்து, சித்திரையில்தான் இறக்குவார் என்றார். அவர் மட்டுமல்ல, ஊரே அப்படித்தானாம். நான் இந்த நாட்டுக்கு வந்து முப்பத்தைந்து வருடத்துக்கு மேலாகிறது. குளிர்காலம் என்றால் வாகனம் ஓடாது என்று ஒரு காலம் இங்கே இருந்தது என்பதை நான் யோசித்ததே இல்லை. அதற்குப் பிறகு நூலகத்தில் தேடி வாசித்தவற்றையும் எனக்குத் தெரிந்தவற்றையும் சேர்த்து இதை எழுதுகிறேன்.

ஆரம்பகாலத்துக் கார் கோடைகாலத்துப் பொருள். அதற்குச் சுவர் கிடையாது. கன்வஸ் கூரையும், மழை வந்தால் பக்கத்தில் கொழுவும் திரைகளுந்தான். அமெரிக்காவில் 1919இல் செய்யப்பட்ட கார்களில் பத்தில் ஒன்றுதான் கதவும் கண்ணாடியும் உள்ள மூடிய கார். 1927 வரும்போது பத்தில் எட்டுக்கு மேல் மூடிய கார்கள். அந்த எட்டு வருடத்துக்குள் நடந்த மாற்றத்தை நினைத்துப் பாருங்கள். அதற்கு முன் தை மாதத்தில் கார் ஓடுவதென்றால், தோல் போர்வைக்குள் ஒடுங்கிக்கொண்டு, பனிக்காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு ஓட வேண்டும்.

எங்களுக்குக் கிழக்கே அரை மணித்தியாலத்தில் இருக்கிற ஒஷாவாவில் மக்லொக்ளின் குடும்பத்தார் 1907இல் கார் செய்யத் தொடங்கினார்கள். 1918இல் அதுவே ஜெனரல் மோட்டர்ஸின் கனடாக் கிளையானது. ஆனால் அதற்கு முன்பே அவர்கள் பேர்பெற்ற குதிரைவண்டிக்காரர்கள். தகப்பனார் றொபேட் மக்லொக்ளின் தொழிலைத் தொடங்கியதே பனியில் வழுக்கி ஓடும் குதிரைச் சறுக்குவண்டி செய்துதான். கார் வந்த பின்னும் சறுக்குவண்டிக்கு வேலை போகவில்லை. கிராமத்து வைத்தியர் கோடையில் காரிலும் குளிர்காலத்தில் குதிரைச் சறுக்குவண்டியிலும் நோயாளி வீட்டுக்குப் போனார். நாட்டுப்புற வீதிகளில் பனியை அள்ளுவதும் இல்லை. பாரமான உருளைகளைக் குதிரைகள் இழுத்துப் பனியை அமத்திவிடும். சறுக்குவண்டிக்கு அதுதான் நல்ல பாதை. காருக்கு அது சில்லுப் புதையும் குழி.

ஆகவே காரைப் படுக்கப்போடுவது ஒரு சடங்கு போல நடந்தது. முதல் வேலை தண்ணீரை வடிப்பது. தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்பது பங்கு பெருக்கும். றேடியேற்றருக்குள்ளும் எஞ்சினுக்குள்ளும் தங்கிய தண்ணீர் ஒரே இரவில் வார்ப்பிரும்பை வெடிக்கவைத்துவிடும். அடியில் உள்ள திருகைத் திறந்து, கடைசித் துளியும் இறங்கிவிட்டதா என்று பார்ப்பார்கள். பிறகு ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் கொஞ்சம் ஒயில் ஊற்றி, கைப்பிடியால் எஞ்சினைச் சில தடவை சுற்றுவார்கள். உள்சுவரெல்லாம் ஒயில் பூசிக்கொள்ளும், துரு ஏறாது. பளபளக்கும் உலோகத்துக்குக் கிறீஸ் தடவுவார்கள். ஜக் வைத்துக் காரைத் தூக்கி, அச்சுகளுக்குக் கீழே மரக்கட்டை கொடுப்பார்கள். ரயர்களைக் கழற்றி இருட்டான, ஈரமில்லாத இடத்தில் வைப்பார்கள். அந்தக்காலத்து ரயர் பருத்தித் துணியும் றப்பரும் சேர்ந்தது. விலையோ அதிகம், ஆயுளோ குறைவு. ஒரே இடத்தில் பாரத்தோடு நின்றால் அந்த இடத்தில் தட்டையாகி வெடித்துப்போகும்.

பற்றறி வேறு கதை. முழுதாகச் சார்ஜ் உள்ள பற்றறி மைனஸ் 50 பாகையிலும் உறையாது. சார்ஜ் இறங்கியதோ மைனஸ் 10 பாகைக்கு முன்னமே உறைந்து வெடித்துவிடும். உள்ளே அமிலம் கலைந்து வெறும் தண்ணீருக்குக் கிட்ட வந்துவிடுவதுதான் காரணம். அதனால் பற்றறியைக் கழற்றிக் குளிர்காலம் முழுக்கக் கவனித்துச் சார்ஜ் ஏற்றி வைப்பதற்கென்றே கடைகள் இருந்தன. மழைக்காலத்தில் ஆட்டை மேய்ப்பவனிடம் விட்டுவைப்பது போலத்தான்.

பூட்டிவைக்க முடியாதவர்களும் இருந்தார்கள். அவர்கள் பட்ட பாடு பெரிது. இரவில் எஞ்சின் ஒயிலை வடித்து வீட்டுக்குள் கொண்டுபோய், காலையில் அடுப்பில் சூடாக்கி ஊற்றினார்கள். குளிரில் ஒயில் தேன்பாணி போல இறுகிவிடும். கைப்பிடியைச் சுற்றவே முடியாது. சுற்றினாலும் எஞ்சின் திருப்பியடித்து மணிக்கட்டை முறிக்கும். சாள்ஸ் கெற்றறிங் கண்ட மின்சார ஸ்ராட்டர் 1912 கடிலாக் காரில் வந்தது. ஏழைபாழைகளின் காரான ஃபோர்ட் மொடல் ரிக்கு அது கிடைத்தது 1919இல்தான். றேடியேற்றருக்குள் மதுசாரம் ஊற்றினார்கள், கிளிசறின் ஊற்றினார்கள், கல்சியம் குளோரைட் உப்புக் கரைத்து ஊற்றினார்கள், தேன்கூட ஊற்றினார்கள். உப்பு உலோகத்தைத் தின்றது. மர மதுசாரம் 65 பாகையிலேயே கொதித்துப் பறந்துவிடும். காலையில் ஊற்றினால் பின்னேரத்துக்குள் எவ்வளவு மிச்சம் என்று தெரியாது. எதிலீன் கிளைக்கோல் 1927இல் பிறெஸ்ரோன் என்ற பெயரில் கடைக்கு வந்த பிறகுதான் இந்தத் தலையிடி தீர்ந்தது. அது கொதிக்க 197 பாகை வேண்டும். இன்றைக்கும் நாங்கள் ஊற்றும் அன்ரிபிறீஸ் பெரும்பாலும் அதுதான். இனிப்பான நஞ்சு அது. பேரப்பிள்ளைகள் உள்ள வீட்டில் தகரத்தைக் கவனமாக வையுங்கள்.

கார் தயார், எஞ்சின் தயார். வீதிதான் தயாராகவில்லை. இந்த இடத்தில் ஒரு மனிதரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ரொறன்ரோவின் சுரங்க ரயிலிலும் ஸ்ரீற்காரிலும் பொம்பார்டியர் என்ற பெயரைப் பார்த்திருப்பீர்கள். பிரெஞ்சுக்காரர் பொம்பார்டியே என்பார்கள். ஜோசப் ஆர்மண்ட் பொம்பார்டியே 1907இல் பிறந்தவர். 1926இல், பத்தொன்பது வயதில், கியூபெக்கின் வல்கூர் என்ற கிராமத்தில் கராஜ் ஒன்றைத் திறந்தார். கோடையில் நல்ல வேலை. குளிர்காலம் வந்தால் கார்களெல்லாம் கட்டைமேல். திருத்த வருகிறவர் குறைவு. அந்த ஓய்ந்த மாதங்களில் அவர் பனியில் ஓடும் வாகனம் ஒன்றைச் செய்து பார்த்துக்கொண்டிருந்தார். சின்ன வயதிலேயே தகப்பனார் கொடுத்த பழைய மொடல் ரி எஞ்சினைச் சறுக்குவண்டியில் பூட்டி, பின்னால் விசிறி வைத்து ஓட்டியவர் அவர். கண்ட தகப்பனார் பயந்து அதைக் கழற்றச் சொல்லிவிட்டார்.

1934 குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகன் ஈவோனுக்குக் குடல்வால் அழற்சி வந்து, வயிற்றுக்குள் பரவிவிட்டது. ஆஸ்பத்திரி ஷேர்புறூக் நகரில். கோடையில் காரில் ஓடிவிடும் தூரந்தான். வீதியோ பனியில் மூடிக் கிடந்தது. அவர் செய்துகொண்டிருந்த பனிவாகனம் கராஜுக்குள் கழற்றிய நிலையில் இருந்தது. பிள்ளை இறந்துபோனான்.

வாகனம் திருத்துவதையே தொழிலாகக் கொண்ட ஒரு தகப்பன், தன் கராஜுக்குள் எஞ்சினும் சில்லும் துண்டு துண்டாகக் கிடக்க, வெளியே போக வழியில்லாமல் பிள்ளையோடு இருந்திருக்கிறார். சண்டைக்காலத்தில் கிளாலிக் கடலைக் கடக்க முடியாமல் நோயாளிகளை வைத்துக்கொண்டு தவித்த நாட்களைக் கண்டவர்களுக்கு இதற்கு மேல் நான் சொல்லத் தேவையில்லை.

அடுத்த வருடங்களில் அவர் றப்பர்ப் பட்டியும் பற்சில்லும் கொண்ட ஓட்ட முறையை முடித்து, 1937இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். ஏழு பேர் இருக்கக்கூடிய பி7 என்ற வாகனம் விற்பனைக்கு வந்தது. பின்னர் பன்னிரண்டு பேருக்கான பி12 வந்தது. வைத்தியர்களும் தபால்காரரும் பள்ளிப்பிள்ளைகளும் அதில் போனார்கள். 1948இல் கியூபெக் அரசாங்கம் கிராம வீதிகளிலும் பனி அள்ள வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தது. அவருடைய வியாபாரம் சட்டென்று விழுந்தது. பனி அள்ளிய வீதியில் சாதாரணக் கார் ஓடுமே! பிறகு அவர் வேறு வேலைகளுக்குத் திரும்பினார், 1959இல் ஸ்கிடூ செய்தார். பக்கத்து வீட்டுக்காரரின் தகப்பனார் மரக்கட்டைகளை விறகாக்கியதும் அந்தச் சட்டத்துக்குப் பிறகுதானாம்.

அள்ளிய வீதியிலும் பனிக்கட்டி வழுக்கியது. அதற்கு உப்பு. 1930களின் கடைசியில் அமெரிக்காவில் நியூ ஹம்ஷயர் மாநிலத்தில் தொடங்கிய பழக்கம், யுத்தம் முடிந்த பிறகு எல்லா இடமும் பரவியது. எங்கள் ஒன்ராறியோவிலே கொட்றிச் என்ற ஊரில், ஹியூறன் ஏரிக்குக் கீழே 500 மீற்றருக்கும் ஆழத்தில், உலகிலேயே பெரிய நிலக்கீழ் உப்புச் சுரங்கம் இருக்கிறது. 1959இலிருந்து வெட்டுகிறார்கள். ஆனையிறவு உப்பு உண்டு வளர்ந்த எங்களுக்கு, உப்பை லொறி லொறியாக வீதியில் கொட்டுவதைப் பார்க்க முதலில் வயிறு எரிந்தது. அந்த உப்புத்தான் கார்களின் கதவடியையும் பிரேக்குழாயையும் தின்றது, தின்கிறது. வேடிக்கை என்னவென்றால், பழைய கார் வைத்திருப்பவர்கள் இன்றைக்கும் கார்த்திகையில் காரைப் பூட்டிவைக்கிறார்கள். அன்று பனிக்குப் பயந்து பூட்டினார்கள். இன்று பனியைக் கரைக்கும் உப்புக்குப் பயந்து பூட்டுகிறார்கள்.

எங்களில் கனபேர் குளிருக்குப் பயந்து மூன்று நான்கு மாதம் ஊருக்குப் போய்வருகிறோம். காரை விட்டுப் போகிறவர்கள் பக்கத்துப் பிள்ளை யாரிடமாவது திறப்பைக் கொடுத்து, "கிழமைக்கு ஒருக்கால் பத்து நிமிடம் ஸ்ராட் பண்ணி விடு" என்று சொல்வது வழக்கம். நானும் சொன்னவன்தான். அது நன்மையைவிடத் தீமை. ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாகப் பிறக்கிறது. எஞ்சின் வடிவாகச் சூடேறுமுன் நிறுத்தினால் அந்த ஈரம் ஒயிலுக்குள்ளும் புகைக்குழாய்க்குள்ளும் தங்கிவிடும். அதைவிடப் பயங்கரம் கராஜ் கதவு மூடியிருப்பது. காபன்மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. கராஜ் வைத்துக் கார் ஓடத் தொடங்கிய நாளிலிருந்து குளிர்காலத்தில் அதில் ஆட்கள் இறந்திருக்கிறார்கள். பிள்ளையிடம் திறப்பைக் கொடுக்காமலே விடுங்கள்.

பழைய சடங்கில் எங்களுக்கு மிஞ்சியது கொஞ்சந்தான். ரயர் கழற்றத் தேவையில்லை. காற்றைச் சரிபார்த்தால் போதும். அன்ரிபிறீஸ் இருப்பதால் தண்ணீர் வடிக்கவும் வேண்டாம். காரின் அடிப்பக்கம் வரை கழுவி, ஈரம் காயும் வரை ஓட்டி, புது ஒயில் மாற்றி, பெற்றோல் தாங்கியை நிரப்பி, பழுதாகாமல் இருக்கும் மருந்து ஒரு போத்தல் ஊற்ற வேண்டும். இப்போதைய பெற்றோலில் எதனோல் கலப்பதால் அது ஈரத்தை இழுக்கும். பற்றறியைக் கழற்றி வீட்டு நிலவறையில் வைக்க வேண்டும். எலிக்கு வழி விடக்கூடாது. காப்புறுதிக்காரருக்கும் ஒரு சொல் சொல்லுங்கள்.

இந்த முறை போகும்போது சில்லுகளுக்கு முன்னும் பின்னும் இரண்டு மரக்கட்டை வைத்தேன். பக்கத்து வீட்டுக்காரர் வெட்டித் தந்தவை. மனைவி ஒரு மட்டையில் பெரிய எழுத்தில் எழுதி ஸ்ரியறிங்கில் கட்டிவிட்டாள்: "ஹாண்ட்பிரேக் இழுக்கவில்லை. கட்டையை எடுத்துவிட்டு ஓடவும்."