கிட்டங்கியை விட்டு வெளியே வந்த துணி

கடையில் சரக்கைப் பார்வைக்கு வைத்தால் விற்பனை கூடும் என்பதை இன்று யாரும் மறுப்பதில்லை. ஏன் கூடுகிறது என்று கேட்டால் மட்டும், விளக்கும் கண்ணாடியும் வண்ணமும் சேர்ந்து வாங்குபவரை மயக்கிவிடுகின்றன என்ற பதில் உடனே வரும். டோக்கியோவின் பழம்பெரும் துணிக்கடை ஒன்றின் வரலாற்றைப் படித்தால் அந்தப் பதில் போதாது என்று தெரியும். மிட்சுயி தகதோஷி 1673இல் தொடங்கிய எச்சிகோயா என்ற அந்தக் கடைதான் பிற்காலத்தில் மிட்சுகோஷி ஆனது. அவர் காலத்துப் பெரிய துணி வியாபாரிகள் மாதிரிகளைப் பிரபுக்களின் வீட்டுக்கே எடுத்துப் போய், ஆளுக்கொரு விலை சொல்லி, கடனுக்கு விற்று வந்தார்கள். தகதோஷி அதை மாற்றினார். 1683இல் கடையை சுருகாச்சோவுக்கு மாற்றியபோது, ரொக்கத்துக்கு மட்டுமே விற்பனை, எல்லோருக்கும் ஒரே விலை என்று துண்டறிக்கை அச்சிட்டு ஊரெங்கும் கொடுத்தார். கேட்ட அளவுக்குத் துணியை வெட்டியும் கொடுத்தார்.

இவ்வளவு புதுமை செய்த கடையிலும் துணி மட்டும் கண்ணில் படவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் அச்சான மரச்செதுக்கு ஓவியங்களில் அந்தக் கடையின் உட்புறத்தைப் பார்க்கலாம். பரந்த பாய்த்தரை, விட்டத்திலிருந்து தொங்கும் சீட்டுகளில் விற்பனையாளர்களின் பெயர்கள், ஒவ்வொரு பெயருக்குக் கீழும் ஒரு விற்பனையாளர், எதிரே வாடிக்கையாளர். சரக்கு முழுவதும் கிட்டங்கியில் இருக்கும். வந்தவர் வேண்டியதைச் சொன்னால், விற்பனையாளர் அதைக் கேட்டு, ஆளையும் எடைபோட்டு, கடைப்பையனை அனுப்பிச் சில சுருள்களை எடுத்துவரச் சொல்வார். உட்கார்ந்து விற்கும் இந்த முறைக்கு ஸவுரி என்று பெயர். இதில் வாங்குபவர் தனக்கு என்ன வேண்டும் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு வர வேண்டும். நான்கு சுருளை விரிக்கச் சொல்லிவிட்டு வெறுங்கையோடு எழுந்திருப்பது எவருக்கும் கூச்சம்தான். எந்தத் தரத்துத் துணியை ஒருவர் பார்க்கலாம் என்பதையும் அவருடைய தோற்றத்தைப் பார்த்து இன்னொருவர் தீர்மானித்தார். சும்மா பார்த்துவிட்டுப் போகலாம் என்று வருகிறவருக்கு அந்தப் பாயில் இடமில்லை.

விற்பனையைப் பெருக்கியது ஒரே விலைதான், காட்சி வெறும் ஒப்பனை என்று சிலர் வாதிடலாம். பாரிஸ், லண்டன் கடைகளை வைத்துப் பேசினால் அந்த வாதத்தை எளிதில் மறுக்க முடியாது. அங்கே இரண்டும் ஏறக்குறைய ஒரே காலத்தில் வந்தன. எச்சிகோயாவில் இரண்டுக்கும் நடுவே இருநூறு ஆண்டுக்கு மேல் இடைவெளி இருப்பதால்தான் அதன் சாட்சியத்துக்கு மதிப்பு அதிகம். விலை பற்றிய அச்சம் 1683லேயே நீங்கியும், பார்க்கும் உரிமை கிடைக்கவில்லை. அந்த உரிமையை முதலில் தந்தது வேறொரு வகைக் கடை. 1877இல் டோக்கியோவின் உயெனோவில் நடந்த தொழிற்கண்காட்சியில் விற்காமல் தங்கிய பொருள்களை விற்க, மறு ஆண்டு கன்கோபா என்ற அங்காடி திறக்கப்பட்டது. விலைச்சீட்டு ஒட்டிய பொருள்களை வரிசையாக வைத்திருந்தார்கள். யாரும் எதுவும் வாங்காமலே சுற்றிவரலாம். அங்கே கூட்டம் சேர்ந்தது. அதைப் பார்த்து வேறு இடங்களிலும் கன்கோபாக்கள் முளைத்தன.

பெரிய துணிக்கடை இந்தப் பாடத்தை மெதுவாகத்தான் கற்றது. பத்திரிகையாளராக இருந்து, அமெரிக்காவில் வணிகம் படித்துத் திரும்பிய தகஹாஷி யோஷியோ 1895இல், அப்போது மிட்சுயி துணிக்கடை என்று அழைக்கப்பட்ட எச்சிகோயாவின் பொறுப்பை ஏற்று, மாடியில் கண்ணாடிப் பெட்டிகளை வைத்துத் துணிகளைப் பார்வைக்கு வைத்தார். 1900இல் கடை முழுவதும் அப்படி மாறியது. 1904இல் மிட்சுகோஷி என்ற பெயரில் பல்பொருள் அங்காடியாக அறிவிக்கப்பட்டது. அனுபவமுள்ள விற்பனையாளரின் அறிவு இதனால் வீணாகாதா என்ற கேள்வி நியாயமானது. சுருட்டி வைத்த கிமோனோத் துணியின் முழு அழகு விரித்தால்தான் தெரியும். நம் பட்டுப்புடவையும் அப்படித்தான். முந்தானையை விரித்துக் காட்டாமல் யாரும் வாங்குவதில்லை, விரித்துக் காட்டும் கை இன்றும் நம் கடைகளில் தேவைப்படுகிறது. ஆனால் கண்ணாடிப் பெட்டி அந்தக் கையைத் தள்ளிவிடவில்லை. முதல் பார்வையை வாங்குபவரிடம் விட்டு, இரண்டாம் கட்டத்தில் விற்பனையாளரைக் கூப்பிட வைத்தது.

தேவையில்லாததையும் வாங்கத் தூண்டுகிறது என்ற குற்றச்சாட்டு இதைவிடக் கனமானது. 1905 வாக்கில் பழைய கென்ரோக்கு காலத்து வடிவங்களை மிட்சுகோஷியே முன்னெடுத்துப் பரப்பி, அதை ஊரெங்கும் ஒரு மோகமாக்கியது. அந்த ஆசையை உண்டாக்கியதில் கடைக்குப் பெரும் பங்குண்டு. இதை மறைப்பதில் பொருளில்லை. ஆயினும் பழைய முறை ஆசையை அடக்கியதாகச் சொல்ல முடியாது. யார் எதற்கு ஆசைப்படலாம் என்பதை விற்பனையாளரின் கணிப்புக்கு விட்டிருந்தது, அவ்வளவுதான். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், விலைச்சீட்டோடு எல்லோர் கண்முன்னும் இருக்கும் துணியையே நான் தேர்ந்தெடுப்பேன். பழைய தடைகளில் ஒன்று மட்டும் நெடுநாள் நீடித்தது. 1914இல் திறந்த புதிய கட்டடத்தில் மின்படிக்கட்டு இருந்தும், வாசலில் காலணியைக் கழற்றிக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். 1923 நிலநடுக்கத்துக்குப் பிந்தைய ஆண்டுகளில்தான் அந்த வழக்கமும் ஒழிந்தது.