போடிமெட்டுக் கணவாயும் ஒரு வரிச் சலுகையின் வரலாறும்

தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூரிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளின் வழியே மேற்கு நோக்கி ஏறும் நெடுஞ்சாலை, மலைமுகட்டில் போடிமெட்டை அடைகின்றது. அதற்கு அப்பால் கேரளத்தின் இடுக்கி மாவட்டம். ஏலத்தோட்டங்களும் தேயிலைத் தோட்டங்களும் நிறைந்த மலைநாடு. தலைமுறை தலைமுறையாகத் தமிழ் மக்கள் இக்கணவாயைக் கடந்து சென்று அத்தோட்டங்களில் உழைத்து வந்திருக்கின்றனர். மாநில எல்லையைக் கடக்கும் ஒருவரோடு எந்த உரிமை கூடவே வருகின்றது, எந்த உரிமை எல்லையில் நின்றுவிடுகின்றது என்னும் வினாவை ஆராய்வதற்கு இதனினும் பொருத்தமான இடம் அரிது. கைகால் இயக்கக் குறைபாடு உடையோர்க்கு உரிய வரிச் சலுகையை இவ்வினாவின் துணைகொண்டு இங்கு நோக்குவோம்.

நூறாண்டுகளுக்கு முன் இக்கணவாயின் கிழக்கே சென்னை மாகாணமும் மேற்கே திருவிதாங்கூர் சமஸ்தானமும் இருந்தன. 1922 ஆம் ஆண்டின் இந்திய வருமான வரிச் சட்டம் பிரிட்டிஷ் இந்தியாவுக்கு உரியது. அடுத்த ஆண்டு தோன்றிய தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டமும் அவ்வாறே. வேலையின்போது கையோ காலோ இழந்த தொழிலாளியின் இழப்பை நூற்றுக்கு இத்தனை பங்கு என்று பட்டியலிட்டுக் காட்டியது இந்த நஷ்டஈட்டுச் சட்டமாகும். ஆனால் அதன் அளவுகோல் உடலன்று, உழைத்துப் பொருளீட்டும் திறனே. இவ்விரு சட்டங்களின் ஆட்சியும் போடிமெட்டோடு முடிந்தது. திருவிதாங்கூர் தனக்கெனத் தனியே வருமான வரி விதித்து வந்தது. 1950 ஏப்ரல் முதல் நாளன்று சமஸ்தானங்களின் நிதியமைப்பு இந்திய அரசோடு இணைக்கப்பட்ட பின்னரே கணவாயின் இருபுறத்தும் ஒரே வருமான வரி வழங்கலாயிற்று. 1956 நவம்பரில் மாநிலங்கள் மொழிவழியாகத் திருத்தியமைக்கப்பட்டபோது தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தில் நின்றன. எனினும் வருமான வரியைப் பொறுத்தவரையில் அவ்வெல்லைக்குப் பொருள் இல்லாதிருந்தது.

உடற்குறைபாட்டைக் கருதி வரியைக் குறைக்கும் எண்ணம் பல நாடுகளில் பார்வையற்றோரிடமிருந்தே தொடங்கிற்று. அமெரிக்காவில் 1940களிலும் பிரிட்டனில் 1962 இலும் அவர்களுக்குத் தனிச்சலுகை பிறந்தது. இந்தியாவிலும் 1961 ஆம் ஆண்டுச் சட்டத்தில் 1960களின் இறுதியில் 80-யு என்னும் பிரிவு சேர்ந்தபோது, முற்றும் பார்வையிழந்தோரே முதலில் பயன் பெற்றனர். உடல் ஊனமுற்றோர் பின்னர்ச் சேர்க்கப்பட்டனர். இதன் காரணத்தை உய்த்துணர்வது கடினமன்று. பார்வையின்மையைச் சட்டம் எளிதில் வரையறுக்கலாம். தளர்ந்த காலையும் மடங்காத முழங்கையையும் அளப்பது எவ்வாறு?

அவ்வளவுகோல் கிடைப்பதற்கு நெடுங்காலம் சென்றது. அதுவரையில், பொருளீட்டும் திறனைக் கணிசமாகக் குறைக்கும் நிரந்தர ஊனம் இருத்தல் வேண்டும் என்பதே சலுகைக்கு நிபந்தனையாக இருந்தது. இதிலுள்ள முரண்பாட்டை நேயர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும். வரி செலுத்துபவர் பொருள் ஈட்டுபவர். சலுகை பெறவோ, தமது பொருளீட்டும் திறன் குன்றியது என்று அவர் மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. விடாமுயற்சியால் நல்ல பதவியை அடைந்தவர்க்கு அவருடைய முயற்சியே எதிர்ச்சான்றாக முடியக்கூடும்!

1995 இல் இயற்றப்பட்ட ஊனமுற்றோர் சமவாய்ப்புச் சட்டம் இம்முடிச்சை அவிழ்க்க வழி செய்தது. எலும்பு, மூட்டு, தசை ஆகியவற்றின் குறைபாட்டால் கைகால் இயக்கம் பெரிதும் தடைப்படுதலை அது இயக்கக் குறைபாடு என வரையறுத்தது; மருத்துவர் சான்றளிக்கும் 40 விழுக்காட்டைத் தகுதியின் தொடக்கமாகக் கொண்டது. 2003 ஆம் ஆண்டு நிதிச்சட்டம் இவ்வரையறையை வருமான வரிக்குள் கொண்டுவந்தது. அன்றுமுதல் வினா மாறியது. ‘உம்மால் எவ்வளவு ஈட்ட முடியவில்லை?’ என்று கேட்ட சட்டம், ‘உமது உடல் எவ்வளவு தடைப்பட்டுள்ளது?’ என்று மட்டும் கேட்கலாயிற்று. பரிவால் அளித்த சலுகை உரிமையாக உருப்பெற்றது இம்மாற்றத்தினால்தான் எனலாம்.

அதுவரை 40,000 ரூபாயாக இருந்த கழிவு அவ்வாண்டில் 50,000 ஆயிற்று. 80 விழுக்காடும் அதற்கு மேலும் உள்ள கடுங்குறைபாட்டிற்கு 75,000 ஆயிற்று. 2015 இல் இவை முறையே 75,000 ஆகவும் 1,25,000 ஆகவும் உயர்ந்தன. இத்தொகை வரியிலிருந்து குறைக்கப்படுவதன்று. வரிக்கு உட்படும் வருமானத்திலிருந்து கழிக்கப்படுவதாகும். ஊன்றுகோலுக்கோ மருந்துக்கோ செலவிட்டதற்கு இரசீது காட்ட வேண்டுவதில்லை. குறைபாடுடைய மனைவி, கணவர், மக்கள், பெற்றோர், உடன்பிறந்தார் ஆகியோரைப் பேணுபவர்க்கு 80-டிடி என்னும் பிரிவு இதே அளவான கழிவை வழங்கியது; ஆயினும் குறைபாடுடையவர் தமக்கெனக் கழிவு கோரினால் பேணுபவர் கோர இயலாது. 2026 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வருமாறு 2025 இல் இயற்றப்பட்ட புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறினவேயன்றி, இவ்வுரிமைகள் நீங்கவில்லை.

மற்றொரு மாற்றமும் கருதத்தக்கது. அலுவலகம் சென்றுவரத் தரப்படும் போக்குவரத்துப் படிக்கு முன்னர் எல்லா ஊழியர்க்கும் ஓரளவு வரிவிலக்கு இருந்தது. 2018 இல் அது பொதுவாக நீக்கப்பட்டது. ஆயினும் பார்வையற்றோர், செவியும் பேச்சும் இழந்தோர், கால் இயக்கக் குறைபாடுடையோர் ஆகியோர்க்கு மட்டும் மாதம் 3,200 ரூபாய் வரை விலக்கு நிலைநிறுத்தப்பட்டது. நடக்க இயலாதவர்க்கு அலுவலகம் சேர்வதே ஒரு செலவு என்பதைச் சட்டம் ஒப்புக்கொண்டதற்கு இது சான்றாகும்.

இனிக் கணவாய்க்குத் திரும்புவோம். வருமான வரி மத்திய அரசுக்கு உரியது. மோட்டார் வாகன வரியோ மாநிலத்திற்கு உரியது. ஒரு மாநிலத்தில் பதிவு பெற்ற வாகனத்தை மற்றொன்றில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருப்பவர் ஆங்கே மறுபதிவு செய்தல் வேண்டும். ஆகவே தமிழ்நாட்டில் பெற்ற வாகன வரிவிலக்கு போடிமெட்டுக்கு அப்பால் தானாகத் தொடர்வதன்று. கேரளத்தின் விதிப்படி மீண்டும் கோரப்பட வேண்டும். ஆனால் மருத்துவச் சான்றின் நிலை வேறு. 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அதன்கீழ் வழங்கப்படும் சான்றிதழ் நாடெங்கும் செல்லும் என்று வெளிப்படையாகக் கூறுகின்றது. தேனியில் பெற்ற சான்று மூணாற்றிலும் மும்பையிலும் தில்லியிலும் செல்லும். ஊர் மாறினோம் என்பதற்காக அதனைப் பெட்டியின் அடியில் மறந்து வைத்தல் ஆகாது. சான்றில் மறுமதிப்பீட்டு நாள் குறிக்கப்பட்டிருப்பின், அந்நாள் கடந்தபின் புதுப்பிக்காத சான்றைக்கொண்டு பின்வரும் ஆண்டுகளுக்குக் கழிவு கோர இயலாது என்பதையும் நினைவிற் கொள்க.

எல்லைக்கோடு தடுக்காத உரிமையை இன்று ஒரு படிவம் தடுத்துவிடக்கூடும். 2020 இல் தோன்றிய புதிய வரிமுறையில் இக்கழிவுகளுக்கு இடமில்லை. 2023-24 நிதியாண்டு முதல், வேறொன்றைத் தேர்ந்தெடுக்காதவர் அம்முறையிலேயே சேர்க்கப்படுகின்றனர். அது எல்லோர்க்கும் தீங்கன்று. 2025-26 முதல், சிறப்பு விகித வருமானம் நீங்கலாக, 12 இலட்சம் ரூபாய் வரை வரிக்கு உட்படும் வருமானமுடைய இந்நாட்டு வாசிக்கு அதில் வரியே எழாது. அதற்கு மேல் ஈட்டுபவரும், வீட்டுக்கடன் முதலிய பிற கழிவுகள் உடையவரும் இருமுறைகளிலும் கணக்கிட்டு ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். தொழில் வருமானம் இல்லாத ஊதியக்காரர், கெடுவுக்குள் கணக்குத் தாக்கல் செய்யும்போது ஆண்டுதோறும் இம்முறையைத் தேர்ந்துகொள்ளலாம். மேற்கூறிய போக்குவரத்துப் படிவிலக்கு மட்டும் 2020 இல் புதிய முறையிலும் காக்கப்பட்டது.

உரிமை சட்டத்தில் எழுதப்பட்டால் மட்டும் போதாது; உரியவர் கேட்டாலன்றி அது கைக்கு வருவதில்லை. குறைபாட்டை வெளியிற் சொல்ல நாணிச் சான்று பெறாதிருக்கும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. வரிச் சலுகை கோருதல் இரத்தல் அன்று. அரை நூற்றாண்டுக்கு மேலாகப் படிப்படியாக வரையறுக்கப்பட்ட உரிமையைப் பயன்கொள்ளுதலே ஆகும்.