அக்கிக்குப் பின் நீடிக்கும் நரம்பு வலி

அக்கிக் கொப்புளங்கள் ஆறிய பிறகும் அதே இடத்தில் 3 மாதங்களுக்கு மேல் நிற்கும் வலி. 60 வயதைக் கடந்தவர்களிடமே மிகுதி. எரிச்சல், சுருக்கென்ற குத்தல், மின்சாரம் பாய்ந்தது போன்ற வெட்டு எனப் பலவாறு வரும். லேசான தொடுதலும் வலியாகும். விலாவில் அக்கி வந்த முதியவர், துணி மேலே படாதபடி சட்டையை விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். மின்விசிறிக் காற்றும் அவருக்கு ஆகாது.

காரணம்

சின்னம்மையை உண்டாக்கும் வேரிசெல்லா சோஸ்டர் வைரஸ், நோய் தீர்ந்தபின் தண்டுவடத்தை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் ஒடுங்கிக் கிடக்கும். முதுமையில் எதிர்ப்பாற்றல் தளரும்போது கிளம்பி, ஒரு நரம்பின் வழியே தோலுக்கு வந்து அக்கியாகிறது. அப்போது சிதைந்த நரம்பு, புண் ஆறினாலும் வலிச் செய்தியை அனுப்பிக்கொண்டே இருக்கும்.

ஆய்வு வரலாறு

அக்கி நெடுங்காலம் தோல் நோயாகவே எண்ணப்பட்டது. அதற்கும் நரம்புக்கும் தொடர்பு இருக்கலாம் என்று லண்டன் மருத்துவர் ரிச்சர்ட் பிரைட் 1831இல் கருதினார். பெர்லின் மருத்துவர் பேரன்ஷ்பிரங், 1860களில் சவப் பரிசோதனை ஒன்றில் நரம்பு முடிச்சு வீங்கிச் சிதைந்திருந்ததைக் கண்டார். 1900இல் ஹென்றி ஹெட், காம்பெல் என்ற இருவரும் 21 சவப் பரிசோதனைகளின் துணையோடு, எந்த முடிச்சு கெட்டால் தோலின் எந்தப் பட்டையில் அக்கி எழும் என்பதை வரைந்து காட்டினர். நரம்பியலில் இன்றும் மதிக்கப்படும் வரைபடம் அது.

சின்னம்மை வைரஸே பின்னாளில் அக்கியாகத் திரும்புகிறது என்ற கொள்கையை 1965இல் நிறுவியவர் ஆய்வுக்கூட அறிஞர் அல்லர். இங்கிலாந்தின் சைரன்செஸ்டரில் பணியாற்றிய பொது மருத்துவர் எட்கர் ஹோப் சிம்ப்சன். தம்மிடம் வந்த நோயாளிகளைப் பல ஆண்டுகள் குறித்துவைத்தே இம்முடிவுக்கு வந்தார். வயது ஏற ஏற அக்கியும் பெருகுவதை அக்குறிப்புகள் காட்டின.

வலிக்கு மருந்து வரவும் நெடுங்காலம் ஆயிற்று. நரம்பை வெட்டிய அறுவை மருத்துவம் பெரும்பாலும் பலிக்கவில்லை. மனச்சோர்வுக்குத் தரப்பட்டுவந்த அமிட்ரிப்டிலின் இவ்வலிக்கும் உதவுவதாக 1965இல் ஆஸ்திரேலியாவிலிருந்து செய்தி வந்தது. 1982இல் கனடாவின் வாட்சன் குழு மருந்தில்லாத வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டு ஆராய்ந்தபோது, 24 பேரில் 16 பேருக்கு நல்ல குணம் தெரிந்தது. மனச்சோர்வு நீங்கியதால் வலி குறைந்தது என்ற ஐயத்தையும் அந்த ஆய்வு விலக்கியது.

மருத்துவம்

பாராசிட்டமால் போன்ற வழக்கமான வலி மாத்திரைகள் அதிகம் பயன்படா. கபாபென்டின், பிரிகாபலின், அமிட்ரிப்டிலின், நார்ட்ரிப்டிலின் ஆகியவையே முதல்நிலை மருந்துகள். முதியவர்களுக்குக் குறைந்த அளவில் தொடங்கி மெல்ல ஏற்றுவதே முறை. அமிட்ரிப்டிலினை இரவில் 10 மில்லிகிராமிலிருந்து தொடங்குவர். வாய் உலர்தல், மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, மறதி ஆகியவை வரலாம். இதயத் துடிப்புக் கோளாறு உள்ளவர்களுக்கு இது ஏற்றதன்று. நார்ட்ரிப்டிலினில் இத்தொல்லைகள் குறைவு. கபாபென்டின், பிரிகாபலின் இரண்டையும் சிறுநீரகச் செயல்பாட்டைப் பார்த்தே கொடுக்கவேண்டும். தலைசுற்றி விழும் அபாயமும் உண்டு. எதையும் திடீரென நிறுத்தலாகாது.

மாத்திரை ஒவ்வாதவர்களுக்கு 5 விழுக்காடு லிடோகைன் ஒட்டுப்பட்டை உண்டு. ஆறிய தோலில் 12 மணி நேரம் ஒட்டி, 12 மணி நேரம் எடுத்துவிட வேண்டும். மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின் 8 விழுக்காடு உள்ள பட்டையை மருத்துவமனையில் 1 மணி நேரம் ஒட்டினால், ஏறத்தாழ 3 மாதங்கள் வலி தணியலாம்.

நாட்டு வழக்கம்

தமிழ்நாட்டில் அக்கி கண்டவர் குயவரிடம் சென்று, காவி மண்ணைக் குழைத்து உடலில் 'அக்கி எழுதி'க்கொள்வது வழக்கம். புண் தானாக ஆறும் இயல்புடையதால் இவ்வழக்கத்தின் மீது நம்பிக்கை நிலைத்தது. எழுதிக்கொண்டு காத்திருப்பதில், கொப்புளம் எழுந்த 72 மணி நேரத்துக்குள் தொடங்கவேண்டிய அசைக்ளோவிர், வாலசைக்ளோவிர் போன்ற வைரஸ் எதிர்ப்பு மருந்துகளுக்கான காலம் கழிந்துவிடுகிறது.

தடுப்பு

அக்கிக்கு எதிரான ஷிங்ரிக்ஸ் தடுப்பூசி 2017இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. 2023 முதல் இந்தியாவில் 50 வயதுக்கு மேற்பட்டோருக்கு 2 தவணைகளாகக் கிடைக்கிறது.