எடையோடு ஒரு வழக்கு: மின்சாரக் கிளைடர் பேட்டரியின் வரலாறு

புதுச்சேரியின் முத்தியால்பேட்டை கடலோரச் சமவெளி. மோட்டார் இல்லாத ரிமோட் கிளைடரை மேலே ஏற்ற மலைச்சரிவில் மோதி எழும் காற்று வேண்டும். இல்லையேல் கயிறு கட்டி இழுக்க நீண்ட திறந்தவெளி வேண்டும். வீடுகள் நெருங்கிய இப்பகுதியில் சரிவும் இல்லை, வெளியும் அரிது. ஆகவே மின்மோட்டார்தான் வழி. அதற்கு எந்த பேட்டரி என்ற கேள்விக்கு ஒன்றரை நூற்றாண்டில் விடை பலமுறை மாறியிருக்கிறது. முதலில் 'தூக்குமா?' என்று கேட்டார்கள். இன்று 'எவ்வளவு குறைவாக இருந்தால் போதும்?' என்று கேட்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் துணிபு.

புதுச்சேரியை பிரான்ஸ் ஆண்ட காலத்தில், அந்நாட்டிலேயே இக்கதை தொடங்குகிறது. காஸ்தோன் பிளாந்தே 1859இல் திரும்பத் திரும்ப சார்ஜ் செய்யக்கூடிய ஈய-அமில பேட்டரியைப் படைத்தார். 1884 ஆகஸ்ட் 9 அன்று ரெனார், கிரெப்ஸ் என்ற இரு ராணுவ அதிகாரிகள் 'லா பிரான்ஸ்' வான்கப்பலை மின்மோட்டாரால் 8 கி.மீ. ஓட்டி, 23 நிமிடத்தில் புறப்பட்ட இடத்துக்கே திரும்பினர். ரெனார் வடிவமைத்த பேட்டரி மட்டும் 435 கிலோ. ஹைட்ரஜன் சுமந்ததால் அந்த எடை செல்லுபடியானது. இறக்கையை மட்டும் நம்பும் விமானத்துக்கு அது ஆகாது.

1957 ஜூன் 30இல் பிரிட்டனின் கர்னல் டாப்ளின், 'ரேடியோ குயின்' மாதிரி விமானத்தை வெள்ளி-துத்தநாக பேட்டரியால் பறக்கவிட்டார். லேசானது, ஆனால் விலை அதிகம், ஆயுளும் குறைவு. அதே காலத்தில் ஜெர்மானியர் பிரெட் மிலிட்கி சென்ற வழியே எனக்கு முக்கியமாகப் படுகிறது. மோட்டாரைப் பெரிதாக்காமல், சிறிய விசைக்கே மிதக்கும் விமானத்தை அவர் தேடினார். கிளைடரும் மின்சாரமும் அவ்வாறு கைகோத்தன. 1973 அக்டோபர் 21 அன்று ஆஸ்திரியாவில் அவர் பங்களிப்பில் உருவான எம்.பி.-இ1 என்ற மோட்டார் கிளைடர், நிக்கல்-காட்மியம் பேட்டரியால் ஒரு மனிதரையே சுமந்து பறந்தது.

மாதிரி விமானக்காரர்களிடம் நெடுங்காலம் வழங்கியது ஏழு நிக்கல்-காட்மியம் செல் கொண்ட தொகுப்பு: 8.4 வோல்ட், 1700 எம்.ஏ.எச்., ஏறக்குறைய 380 கிராம், 14 வாட்-மணி ஆற்றல். சோனி நிறுவனம் 1991இல் லித்தியம்-அயனி செல்லை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆனால் ஒரே மூச்சில் பெரிய மின்னோட்டத்தைத் தர அன்றைய செல்களால் முடியவில்லை. 2000களில் லித்தியம்-பாலிமரும் (லைப்போ) பிரஷ்லெஸ் மோட்டாரும் சேர்ந்து அந்தக் குறையைத் தீர்த்தன. இன்றைய 2200 எம்.ஏ.எச். மூன்று-செல் லைப்போ சுமார் 180 கிராமில் 24 வாட்-மணி தருகிறது.

பாதி எடையில் அதிக ஆற்றல் கிடைத்ததும், பெரிய பேட்டரி வாங்கும் ஆசை வந்தது. அதை மறுக்கிறது மின்கிளைடர்களுக்கான எஃப்5ஜே போட்டி விதி: மோட்டார் அதிகபட்சம் 30 விநாடியே ஓடலாம்; ஏறும் உயரத்துக்கும் மதிப்பெண் கழிக்கப்படும். பொழுதுபோக்குக்கும் இதே கணக்கு பொருந்தும். 1.2 கிலோ கிளைடர் நன்றாக ஏற 240 வாட் போதும்; மூன்று செல்லில் அது சுமார் 22 ஆம்பியர். 30 விநாடி ஏற்றம் ஒன்றுக்கு 185 எம்.ஏ.எச். கூடச் செலவாகாது. ஐந்து ஏற்றத்துக்குப் பிறகும் 1300 எம்.ஏ.எச். பேட்டரியில் கால் பங்குக்கு மேல் மிஞ்சும். கொள்ளளவு எவ்வளவு என்பதைவிட, அதன் 17 மடங்கு மின்னோட்டத்தை (17சி) சூடேறாமல் தருகிறதா என்பதே பார்க்க வேண்டியது. 25சி-க்கு மேல் குறித்த பேட்டரி நல்லது. மூக்கில் ஈயக்கட்டி வைத்தால்தான் சமநிலை வரும் என்றால் மட்டும், அந்த எடைக்குப் பெரிய பேட்டரியையே வைக்கலாம்.

பேட்டரி ஆய்வு நம் பக்கத்திலும் நடக்கிறது: காரைக்குடியில் 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம், லித்தியம்-அயனித் தொழில்நுட்பத்தைத் தனியார் நிறுவனத்துக்கு வழங்க 2018இல் ஒப்பந்தம் செய்தது. சூரிய மின்சாரத்தைச் சேமிக்கும் பேட்டரிக்கு நீண்ட ஆயுள் முக்கியம். கிளைடருக்கு அரை நிமிடம் பெரிய மின்னோட்டம் தருவது முக்கியம். இவ்வகை செல்லும் அங்கிருந்து வரவேண்டும்.

முத்தியால்பேட்டை வாசகருக்கு இரண்டு சொற்கள். புதுச்சேரி வெயிலில் லைப்போவை முழு சார்ஜில் வைத்திருக்காதீர்கள், செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில், குளிர்ந்த இடத்தில் வையுங்கள். லாஸ்பேட்டை விமான நிலையம் பக்கத்திலேயே இருப்பதால், பேட்டரி வாங்குமுன் டிஜிட்டல் ஸ்கை என்ற அரசின் ட்ரோன் வான்வெளி வரைபடத்தைப் பார்த்து, அனுமதியுள்ள இடத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள்.