ஒத்த செல்லில் ஒரு வெளிச்சம்

மலருக்குக் கட்டுரை கேட்டு ஃபோன் செய்த மலர்க்குழுத் தம்பி, "கல்லூரி நினைவுகள் மட்டும் வேண்டாம் சார், அது ஏற்கெனவே நிறைய வந்து குவிஞ்சிருக்கு" என்றார். சரி என்று டார்ச் லைட்டின் வரலாற்றை எழுத உட்கார்ந்தேன். நினைவும் கொஞ்சம் கலந்துதான் வருகிறது. பொறுத்துக்கொள்ளவும்.

1982 முதல் 1985 வரை என்னோடு விடுதியில் இருந்தவர்களுக்கு நம் வாட்ச்மேன் அண்ணனை மறந்திருக்காது. கையில் இரண்டு கட்டை செல் போடும் டார்ச். செல் வாங்கித் தரவேண்டியது யார் என்ற வழக்கு அவர் ஓய்வு பெறும்வரை தீரவில்லை. பெரும்பாலும் அவர் கைக்காசுதான். வெளிச்சம் மஞ்சளாக மங்கியதும் செல்லைக் கழற்றி மெஸ் கட்டைச்சுவரில் வெயிலில் காய வைப்பார். சாயங்காலம் போட்டால் இன்னும் ஓரிரு இரவு ஓடும். வடகம் காயப் போடுகிறார் என்று கேலி செய்வோம். இயற்பியல் படித்துக்கொண்டிருந்த நாங்கள்தான் தப்பு, அவர் செய்தது சரி. சூட்டில் செல்லுக்குள் ரசாயன வினை வேகம் பிடிக்கும்; இடையில் கிடைக்கும் ஓய்வும் உதவும். அந்தச் செல் செத்துப் போகவில்லை. பல்புக்கு அது போதவில்லை, அவ்வளவுதான்.

ஒரு செல்லின் அழுத்தம் சுமார் 1.5 வோல்ட். 1866-இல் பிரான்சின் லெக்லாஞ்சே துத்தநாகமும் மாங்கனீசு டை ஆக்சைடும் வைத்து ஈர மின்கலம் செய்த காலத்திலிருந்து இந்தக் கணக்கு மாறவில்லை. 1880-களில் ஜெர்மனியின் கார்ல் காஸ்னர் அதைச் சிந்தாத உலர் மின்கலமாக்கினார். 1899 ஜனவரியில் அமெரிக்காவில் டேவிட் மிசெல் கை டார்ச்சுக்குக் காப்புரிமை பெற்றார். ஒரு குழாய், உள்ளே வரிசையாகச் செல்கள், முனையில் பல்பு. அன்றைய செல்லுக்கும் பல்புக்கும் தொடர்ந்து எரியத் தெம்பில்லை. விட்டு விட்டு மின்ன வைத்ததால் அமெரிக்காவில் அதற்கு 'ஃபிளாஷ் லைட்' என்ற பெயரே நிலைத்துவிட்டது.

இழை பல்புக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. வோல்டேஜ் 20 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் 20 சதவீதம் குறையாது. பாதிக்கும் கீழே போய்விடும். அதனால்தான் செல்லில் சரக்கு இருக்கும்போதே நாம் தூக்கிப் போட்டோம். நூறு வருஷம் உலகமே அப்படித் தூக்கிப் போட்டது.

இனி எல்.இ.டி. கதை. 1907-இல் இங்கிலாந்தின் ரவுண்ட், சிலிக்கான் கார்பைடு படிகத்தில் மின்சாரம் பாயும்போது ஒளி வருவதைக் கண்டு ஒரு சிறு குறிப்பு எழுதினார். ரஷ்யாவின் ஒலெக் லோசெவ் 1920-களில் அதை ஆழமாக ஆராய்ந்தார். பாவம், 1942-இல் லெனின்கிராட் முற்றுகையில் பட்டினியால் இறந்தார். கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்.இ.டி.யை 1962-இல் நிக் ஹோலன்யாக் செய்தார். நம் லேபில் பேனல் விளக்காக மினுக்கியது அந்த ஜாதிதான். அதற்கே 1.8 வோல்ட் அளவுக்கு வேண்டும். ஒத்த செல்லை நேராக வைத்தால் கண் திறக்காது. 1993-இல் ஜப்பானின் நிச்சியா நிறுவனத்தில் நாகமுரா பிரகாசமான நீல எல்.இ.டி.யைக் கொண்டுவந்தார். 1996-இல் அதன்மேல் மஞ்சள் ஒளிரும் பொடி பூசி வெள்ளை வெளிச்சம் வந்தது. (நீல ஒளிக்காக அகசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் 2014-இல் நோபல் பரிசு.) இந்த வெள்ளை எல்.இ.டி. இன்னும் மோசம்: 3 வோல்ட்டுக்கு மேல் கேட்கும். செல் கொடுப்பதோ ஒன்றரை.

இந்தப் பள்ளத்தைத் தாண்டிய விதம்தான் எனக்குப் பிடித்த இடம். 1970-களிலேயே எல்.எம்.3909 என்ற ஐ.சி., ஒரு கெப்பாசிட்டரை நிரப்பி, அதைச் செல்லோடு தொடராகச் சேர்த்து, சிவப்பு எல்.இ.டி.யை ஒத்த செல்லில் மின்ன வைத்தது. மின்னத்தான் செய்யும், நின்று எரியாது. 1999 நவம்பரில் பிரிட்டனின் 'எவ்ரிடே பிராக்டிகல் எலக்ட்ரானிக்ஸ்' பத்திரிகையில், வாசகர்கள் அனுப்பும் சர்க்யூட் பகுதியில், கப்பார்னிக் என்பவர் ஒரு படம் போட்டார். ஒரு டிரான்சிஸ்டர், ஒரு ரெசிஸ்டர், ஃபெரைட் வளையத்தில் சுற்றிய இரண்டு கம்பி. முடிந்தது.

வேலை செய்யும் விதம் எளிது. வேகமாகத் தண்ணீர் வரும் குழாயைச் சட்டென்று மூடினால் பைப் 'டொம்' என்று அதிருமே, அதேதான். காயிலில் மின்சாரம் ஏறுகிறது. டிரான்சிஸ்டர் சட்டென்று அடைக்கிறது. ஓட்டத்தை விடமாட்டேன் என்று காயில் அழுத்தத்தை உயர்த்தி எல்.இ.டி. வழியே தள்ளுகிறது. விநாடிக்குப் பல்லாயிரம் தடவை இது நடப்பதால் கண்ணுக்குத் தொடர்ச்சியாகத் தெரிகிறது. 0.6 வோல்ட் இருந்தாலே கிளம்பிவிடும். கிளம்பிய பிறகு அதற்கும் கீழே இறங்கி ஓடும். பின்னாளில் கிளைவ் மிட்செல் இதற்கு 'ஜூல் தீஃப்' என்று பெயர் வைத்தார். தேவ் ஆனந்தின் 1967 ஹிந்திப் படம் பார்த்தவர்களுக்குச் சிலேடை புரியும். இங்கே திருடுவது நகையை அல்ல, ஜூலை.

வேடிக்கை என்னவென்றால் இது புதுசே அல்ல. வால்வு காலத்திலிருந்து டி.வி. செட்டில் இருந்த பிளாக்கிங் ஆசிலேட்டரின் தம்பிதான் இது. நாம் மூன்றாம் ஆண்டில் மனப்பாடம் செய்து மார்க் வாங்கியது. வாட்ச்மேன் அண்ணனின் செல்லுக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு என்று எனக்கோ பாடம் நடத்தியவர்களுக்கோ தோன்றவில்லை. வெள்ளை எல்.இ.டி. அப்போது இல்லை, உண்மைதான். ஆனாலும் உறுத்துகிறது.

2004-இல் நான் இங்கேயே ஆசிரியராகத் திரும்பி வந்தபோது அண்ணனுக்கு ஓய்வு நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு ராத்திரி உட்கார்ந்து, ஒத்த செல்லில் ஓடும் ஒரு டார்ச் செய்தேன். அவர் காய வைத்திருந்த பழைய செல்லையே போட்டு எரிய வைத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லாத்தான் தம்பி இருக்கு. ஆனா கிணத்தடி வரைக்கும் போய் விழலியே, பாம்பு கெடந்தா எப்படித் தெரியும்?" கேட்டாரே ஒரு கேள்வி!

கணக்குப் போட்டேன். அவருடைய பல்பு 2.5 வோல்ட், 0.3 ஆம்பியர்: முக்கால் வாட். என் எல்.இ.டி. 20 மில்லி ஆம்பியரில் 0.06 வாட். காலடிக்குப் போதும், கிணத்தடிக்குப் போதாது. 1 வாட் எல்.இ.டி. போட்டால்? மாற்றும்போது ஆகும் நஷ்டத்தையும் சேர்த்தால், ஒத்த செல்லிலிருந்து சுமார் 1 ஆம்பியர் உறிஞ்ச வேண்டும். சாதாரண துத்தநாக செல் அதில் உட்கார்ந்துவிடும், ஆல்கலைனே திணறும், ரீசார்ஜ் செய்யும் நிக்கல் செல்தான் தாங்கும். அண்ணன் தம் பழைய டார்ச்சோடேயே ஓய்வு பெற்றார். நான் கொடுத்ததை வீட்டில் கரண்ட் போனால் மட்டும் எடுப்பதாகச் சொன்னார்.

ஒத்த செல் டார்ச் ரிப்பேருக்கு இப்போது மாணவர்கள் என்னிடம் கொண்டு வருகிறார்கள். பாதிக்கு மேல் சால்டரிங் அயர்னைத் தொடவே வேண்டாம். மூடியின் மரையையும் ஸ்பிரிங்கையும் துடைத்தாலே போதும். அரை ஓம் அழுக்கு 0.3 ஆம்பியரில் 0.15 வோல்ட் தின்றுவிடும், இருப்பதே ஒன்றரைதானே. செல்லை வெறுமனே மீட்டரில் பார்க்காதீர்கள், லோடு கொடுத்துப் பாருங்கள். எல்.இ.டி. மட்டும் உயிரோடு இருக்கிறதா என்றறிய 9 வோல்ட் பேட்டரியும் 470 ஓம் ரெசிஸ்டரும் போதும். டார்ச்சைப் புதிதாகக் கட்டுவதென்றால், குப்பையில் போன சி.எஃப்.எல். பல்பைக் கவனமாகப் பிரித்தால் ஃபெரைட் வளையம் இலவசம். கண்ணாடிக் குழாயை மட்டும் உடைத்துவிடாதீர்கள், உள்ளே பாதரசம்.

சென்ற வருஷம் ஒரு தம்பி, அதே அளவில் இருக்கிறதே என்று 3.7 வோல்ட் லித்தியம் செல்லைப் போட்டுவிட்டான். வோல்டேஜ் நேராகக் காயிலைத் தாண்டிப் போய் எல்.இ.டி. நீலமாக ஒரு மின்னு மின்னிப் போச்சு. அவன் முகத்தைப் பார்த்து ஒன்றும் சொல்ல மனம் வரவில்லை. கடைசிச் சொட்டுவரை உறிஞ்சுவதிலும் ஆபத்து உண்டு. செல்லின் துத்தநாகக் கூடே அதன் எரிபொருள். கூடு அரித்துப்போனால் கசிந்து டார்ச்சையே தின்றுவிடும். மங்க ஆரம்பித்ததும் கழற்றி வையுங்கள்.

சந்திப்பு நாளன்று மதியம் இயற்பியல் லேபில் ஒரு மேஜை போட்டிருக்கிறோம். வீட்டில் தூங்கும் டார்ச்சுகளையும் தீர்ந்ததென்று ஒதுக்கிய செல்களையும் கொண்டு வாருங்கள். கசிந்த செல் வேண்டாம். வாட்ச்மேன் அண்ணனையும் அழைத்திருக்கிறேன். வருகிறேன் என்றிருக்கிறார், பேரன் வண்டியில் கூட்டி வந்தால்.